குதிகால் வலி முதல் சர்க்கரைப் புண் வரை: சிங்கப்பூரில் காலுக்கு எங்கே போவது?

ஊரில் தெருமுனைக் கடைக்கே வண்டியை எடுத்தவர்கள் சிங்கப்பூர் வந்ததும் நடக்கத் தொடங்கிவிடுகிறோம். வீட்டிலிருந்து எம்ஆர்டி வரை ஒரு நடை, ரயில் மாறும்போது நிலையத்துக்குள் இன்னொரு நடை. போய்ச் சேர்ந்த இடத்தில் அலுவலகமோ, சமையலறையோ, கட்டுமானத் தளமோ, நாள் முழுக்கக் கெட்டித் தரைதான். வேலை முடிந்து வந்தால் மழைக்கும் வெயிலுக்கும் ஒரே சிலிப்பர். சில மாதங்களில் குதிகால் வலிக்க ஆரம்பித்ததும் பெரும்பாலானவர்கள் எடுப்பது கோடாலித் தைலத்தை. அதன் பிறந்த ஊரே இதுதான், எந்தக் கடையிலும் கிடைக்கும். தேய்த்தால் இதமாக இருக்கும் என்பதும் உண்மை. ஆனால் வலிக்கான காரணத்தை அது தொடாது.

இங்கே பாதத்துக்கும் கணுக்காலுக்கும் என்றே படித்துப் பயிற்சி பெற்றவர்கள் இருக்கிறார்கள். பொடயட்ரிஸ்ட் என்று கேட்டால் காட்டுவார்கள். இந்தக் கட்டுரையில் பாதச் சிகிச்சையாளர் என்றே எழுதுகிறேன். நகம், ஆணி, காய்ப்பு, குதிகால் வலி, நடையில் கோளாறு, சர்க்கரை நோயாளியின் கால் புண் எல்லாம் இவர்கள் வேலை. எலும்பு முறிவு, அறுவை சிகிச்சை என்றால் எலும்பு மருத்துவர்தான். கடைத்தொகுதிகளில் சாய்வு நாற்காலி போட்டு நடத்தும் பாத மசாஜ் நிலையங்களுக்கும் இவர்களுக்கும் சம்பந்தமில்லை. களைப்புக்கு அங்கே போகலாம், நோய்க்குப் போகாதீர்கள்.

முதலில்: இது காத்திருக்கக் கூடியதா?

எங்கே போவது என்று யோசிக்கும் முன் இதைத் தீர்மானித்துவிட வேண்டும். கீழே விழுந்தோ கால் மடங்கியோ அடிபட்ட பிறகு நான்கு அடிகூட எடுத்து வைக்க முடியவில்லை, அல்லது கணுக்காலின் இரண்டு பக்கமும் துருத்திக்கொண்டிருக்கும் எலும்பின் பின் விளிம்பை அழுத்தினால் உயிர் போகிறது என்றால் எலும்பு முறிந்திருக்க வாய்ப்பு உண்டு. அன்றே எக்ஸ்ரே எடுக்க வேண்டும். பூப்பந்து ஆடும்போது யாரோ பின்னாலிருந்து உதைத்ததுபோல் இருந்து, திரும்பிப் பார்த்தால் யாருமே இல்லை என்றால், குதிகாலுக்கு மேலே உள்ள தடித்த தசைநார் அறுந்திருக்கலாம். அதுவும் அன்றைக்கே பார்க்க வேண்டியது.

அடிபடாமலும் அவசரம் வரும். காலில் சிவப்பு பரவிக்கொண்டே போகிறது, காய்ச்சலும் சேர்கிறது. விரல் கறுக்கிறது. புண்ணில் நாற்றம் வருகிறது. ஒரு பக்கக் கெண்டைக்கால் மட்டும் வீங்கி வலிக்கிறது. இவற்றில் எதுவானாலும் மருத்துவமனையின் அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள், போக முடியாவிட்டால் 995. நீரிழிவு உள்ளவர்களுக்கு இதில் இன்னொன்று சேரும்: கால் வீங்கிச் சூடாக இருக்கிறது, ஆனால் வலியே இல்லை. வலியில்லையே என்று நிம்மதிப்படக் கூடாது. நரம்பு செயலிழந்த காலில் எலும்புகள் உள்ளுக்குள் நொறுங்கும்போதும் இப்படித்தான் இருக்கும்.

மற்றதெல்லாம் காத்திருக்கும். சாதாரணக் குதிகால் வலிக்கு அவசரப் பிரிவுக்குப் போனால் பல மணி நேரம் உட்கார்ந்து, நூறு வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) மேல் கட்டி, வலி மாத்திரையோடு வீடு திரும்புவீர்கள்.

அடுத்து: உங்களிடம் என்ன அட்டை இருக்கிறது?

சிங்கப்பூரில் ஒரே வலிக்கு ஆளுக்கு ஒரு வழி. அதை நிர்ணயிப்பது கையில் இருக்கும் அடையாள அட்டை.

குடிமக்களும் நிரந்தரவாசிகளும் பலதுறை மருந்தகத்தில், அதாவது அரசாங்க பாலிகிளினிக்கில், தொடங்குவது நல்லது (இங்கே மருந்தகம் என்றால் மருந்துக் கடையல்ல, கிளினிக்). ஹெல்த்ஹப் செயலியில் சிங்பாஸ் என்ற அரசாங்க மின்னடையாளக் கணக்கு வழியாக நுழைந்து முன்பதிவு செய்யலாம். நேரே பாதச் சிகிச்சையாளரிடம் விடமாட்டார்கள், முதலில் மருத்துவர் பார்த்து அனுப்புவார். அந்தக் கடிதம்தான் முக்கியம். சிங்கப்பூர்ப் பொது மருத்துவமனை, டான் டோக் செங், சாங்கி, கூ டெக் புவாட் போன்ற பொது மருத்துவமனைகளின் பாதப் பிரிவுக்குக் அரசு மானியத்துடன் கூடிய சலுகைக் கட்டணத்தில் போக அதுதான் வழி. சாஸ் அட்டை (தனியார் மருந்தகத்தில் அரசு மானியம் பெறும் அட்டை) உள்ள குடிமக்களை அத்திட்டத்தில் சேர்ந்த தனியார் மருந்தகமும் அப்படி அனுப்பலாம். முறை வர வாரக்கணக்கில் ஆகலாம், அதனால் முற்றட்டும் என்று இருக்காமல் சீக்கிரமே பதிவு செய்துகொள்ளுங்கள்.

எஸ் பாஸிலோ எம்ப்ளாய்மெண்ட் பாஸிலோ வந்தவர்களுக்குப் பெரும்பாலும் நிறுவனக் காப்பீடுதான் கதி. மனிதவளப் பிரிவில் இரண்டு கேள்வி கேளுங்கள்: பட்டியலில் உள்ள மருந்தகங்கள் எவை, பாதச் சிகிச்சைக்குக் காப்பீடு பணம் தருமா. இரண்டாவதற்குப் பதில் ‘மருத்துவர் கடிதம் இருந்தால் மட்டும்’ என்று வந்தால், கடிதம் வாங்கிய பிறகே போங்கள். போய்விட்டு வந்து கேட்டால் பணம் வராது. தனியார் பாதச் சிகிச்சையாளரிடம் கடிதமில்லாமலும் போகலாம், முறையும் சீக்கிரம் கிடைக்கும். முதல் சந்திப்புக்கு எவ்வளவு, அதில் என்னென்ன அடங்கும் என்று தொலைபேசியிலேயே கேட்டுவிடுங்கள். இந்த ஊரில் விலை கேட்பதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை.

வேலை அனுமதிச் சீட்டில் வந்த தம்பிகளுக்குக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். 2022 ஏப்ரல் முதல், தங்கும் விடுதிகளில் இருப்பவர்களுக்கும் கட்டுமானம், கப்பல் பட்டறை, பதனீட்டு (எண்ணெய், ரசாயன ஆலை) துறைகளில் வேலை செய்பவர்களுக்கும் முதலாளி அடிப்படை மருத்துவத் திட்டம் ஒன்றை வாங்கித் தந்தாக வேண்டும். அதன்படி உங்கள் வட்டாரத்துக்கென்று ஒதுக்கிய மருத்துவ நிலையத்தில் சிறு தொகை கட்டிப் பார்த்துக்கொள்ளலாம். சேற்றுப்புண், நகப் பிரச்சினை, குதிகால் வலி எல்லாவற்றுக்கும் அங்கேயே தொடங்கலாம். ஊருக்குப் போகும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப் போடாதீர்கள். அந்தச் சேற்றுப்புண் வெடிப்பு வழியாகவே கிருமி ஏறி, கால் வீங்கிப் படுக்க வேண்டி வரும்.

வேலையில் அடிபட்டால் கணக்கு வேறு. வேலையிடக் காயச் சட்டப்படி சிகிச்சைச் செலவும், மருத்துவ விடுப்பு நாட்களின் சம்பளமும் முதலாளி பொறுப்பு. தவறு யாருடையது என்று அதில் பார்ப்பதில்லை. அதனால் சாரத்திலிருந்து இறங்கும்போது கால் பிரண்டாலும் அன்றே மேற்பார்வையாளரிடம் சொல்லுங்கள், முடிந்தால் வாட்ஸ்அப்பில் எழுதியும் வையுங்கள். மருத்துவரிடம் ‘வேலை செய்யும்போது நடந்தது’ என்று வாய்விட்டுச் சொல்லுங்கள், குறிப்பில் ஏறட்டும். விபத்து நடந்து ஓராண்டுக்குள் கோரிக்கை வைக்க வேண்டும். வீட்டுப் பணிப்பெண்கள் இந்தச் சட்டத்தில் வரமாட்டார்கள், ஆனால் அவர்களுடைய மருத்துவச் செலவை ஏற்பது முதலாளியின் கடமை.

குதிகால் வலி

வந்தவர்களில் மிகப் பலரைப் படுத்துவது இதுதான். காலையில் கட்டிலை விட்டு இறங்கி வைக்கும் முதல் அடி ஆணியில் மிதித்ததுபோல் இருக்கும். பத்து அடி நடந்தால் குறையும். நெடுநேரம் உட்கார்ந்து எழுந்தால் மறுபடியும். பாதத்தின் அடியில் குதிகாலிலிருந்து விரல்கள் வரை ஓடும் தடித்த நார்ப்பட்டை, தாங்க முடியாத அளவு திடீரென்று வேலை வாங்கப்பட்டதால் நொந்துபோகிறது. ‘எக்ஸ்ரேயில் முள் வளர்ந்திருக்கிறது’ என்று கேட்டுப் பலர் பயந்துவிடுகிறார்கள். வலியே இல்லாத எத்தனையோ பேருக்கு அந்த முள் உண்டு. அதை எடுத்தால் வலி போய்விடும் என்று நினைக்க வேண்டாம்.

இறங்கும் முன் கட்டிலிலேயே உட்கார்ந்து வலிக்கும் காலை மறு தொடைமேல் போடுங்கள். கையால் விரல்களைப் பிடித்து முழங்கால் பக்கம் இழுங்கள். உள்ளங்கால் நார் கம்பிபோல் விறைப்பது தெரியும். 10 வினாடி பிடித்து விடுங்கள், 10 முறை. ஒரு நாளில் மூன்று வேளை செய்யலாம். சுவரில் கை ஊன்றி, பின்கால் குதிகாலைத் தரையில் அழுத்தி, கெண்டைக்காலை 30 வினாடி இழுத்து நிற்பதும் உதவும். இவை ஓரளவு பழகிய பிறகு, சுருட்டிய துண்டை விரல்களுக்கு அடியில் வைத்துப் படிக்கட்டில் நின்று, மெதுவாகக் குதிகாலை உயர்த்தி மெதுவாக இறக்குங்கள், ஒரு நாள் விட்டு ஒரு நாள். என்னைக் கேட்டால் நீண்ட நாள் பலனுக்கு இதுதான் முக்கியம். இதைத்தான் எல்லாரும் பாதியில் விடுகிறார்கள்.

வீட்டில் டைல்ஸ் தரையில் வெறுங்காலோடு நடப்பதையும் சில மாதம் நிறுத்தி வையுங்கள். வீட்டுக்குள் செருப்பா என்று அம்மா கேட்பார்தான். வீட்டுக்கென்றே வாங்கிய, குதிகாலில் மெத்தென்ற ஒரு ஜோடி, வாசலைத் தாண்டாதது என்று சொல்லிச் சமாளிக்க வேண்டியதுதான்.

இந்த வலி வாரத்தில் போகாது. பெரும்பாலானோருக்கு ஓராண்டுக்குள் சரியாகிவிடும், ஆனால் ஏற்ற இறக்கத்தோடுதான். ஆறு வாரம் ஒழுங்காகச் செய்தும் அசையவில்லை என்றால் பாதச் சிகிச்சையாளரிடம் போங்கள். ஸ்டீராய்டு ஊசியை உடனே கேட்காதீர்கள். வலி சட்டென்று குறையும், திரும்பவும் வரும், அடிக்கடி போட்டால் அந்த நாரே கிழியும் அபாயம் உண்டு. இரண்டு குதிகாலும் வலித்து, காலையில் முதுகும் அரை மணி நேரத்துக்கு மேல் விறைத்துக் கிடக்கிறது என்றால் அது வேறு நோயாக இருக்கலாம், மருத்துவரிடம் சொல்லுங்கள்.

ஆணி, நகம், சேற்றுப்புண்

கால் ஆணிக்கு வேர் கிடையாது. தோண்டி எடுத்தால் போய்விடும் என்று பிளேடை எடுப்பதில் அர்த்தமே இல்லை. ஓரிடத்தில் காலணி விடாமல் அழுத்துகிறது, தோல் கெட்டித்துத் தற்காத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். பாதச் சிகிச்சையாளர் கத்தியால் சீவி எடுப்பார். மரத்துப்போக ஊசி தேவையில்லை, பெரும்பாலும் வலிக்காது. ஆனால் அழுத்தம் எங்கிருந்து வருகிறது என்று பார்த்துக் காலணியை மாற்றாவிட்டால் அதே இடத்தில் மறுபடி முளைக்கும். மருந்துக் கடைகளில் கிடைக்கும் ஆணிப் பிளாஸ்டரில் தோலை அரிக்கும் அமிலம் இருக்கிறது. நீரிழிவு உள்ளவர்கள் அதைத் தொடவே கூடாது. பக்கவாட்டில் கிள்ளினால் வலித்து, நடுவில் கரும்புள்ளிகள் தெரிந்தால் அது ஆணியல்ல, மரு. வைத்தியமும் வேறு.

நகத்தை நேராக வெட்டுங்கள், மூலையை வளைத்துக் கீறாதீர்கள். பெருவிரல் நகம் சதையில் குத்தி, சீழ் வைத்து, ஆறி, மறுபடி குத்துவது வழக்கமாகிவிட்டால் சின்னச் சிகிச்சை ஒன்று இருக்கிறது. விரலின் அடியில் மரத்துப்போக ஊசி போட்டு, குத்தும் ஓரத்தை மட்டும் நீளவாக்கில் எடுத்துவிட்டு, அந்த ஓரம் மீண்டும் வளராதபடி பீனால் மருந்து வைப்பார்கள். ஊசி வலிக்கும், அதை மறைத்துப் பயனில்லை. அதன்பின் அன்றே நடந்து வீட்டுக்குப் போகலாம். புண் ஆறச் சில வாரம் பிடிக்கும்.

விரல் இடுக்கில், முக்கியமாகச் சுண்டுவிரல் பக்கம், தோல் வெளுத்து அரித்தால் சேற்றுப்புண். டெர்பினஃபின் அல்லது குளோட்ரிமசோல் களிம்பு கார்டியன், வாட்சன்ஸ், யூனிட்டி எங்கும் கிடைக்கும். அரிப்பு நின்றதும் களிம்பை நிறுத்திவிடுவதுதான் அது திரும்ப வருவதற்குக் காரணம். உறையில் சொன்ன காலம் முழுக்கப் போடுங்கள். பாதுகாப்புக் காலணிக்குள் நாள் முழுக்க வியர்ப்பவர்கள் மாற்றுக் காலுறை ஒன்றை மதியத்துக்குக் கொண்டுபோங்கள். நகம் மஞ்சளாகித் தடித்துப் பொடிந்தால் பூஞ்சையாக இருக்கலாம். ஆனால் எல்லாத் தடித்த நகமும் பூஞ்சையல்ல. துணுக்கை வெட்டிப் பரிசோதித்த பிறகு மாத்திரை தொடங்குவதுதான் முறை. பெருவிரல் நகம் முழுதாகப் புதிதாக வளர ஓராண்டுக்கு மேல் ஆகும், ஆகவே மருந்து வேலை செய்யவில்லை என்று இரண்டாம் மாதத்தில் முடிவு கட்டாதீர்கள்.

பித்த வெடிப்புக்கு யூரியா கலந்த களிம்பு, தினமும் குளித்த பிறகு. விரல் இடுக்கில் மட்டும் பூச வேண்டாம். குழந்தைக்குத் தட்டைப் பாதம் என்று கவலைப்படுபவர்கள், குழந்தையை நுனிக்காலில் நிற்கச் சொல்லிப் பாருங்கள். வளைவு தெரிகிறது, வலியும் இல்லை என்றால் பெரும்பாலும் ஒன்றும் செய்ய வேண்டியதில்லை.

கணுக்கால் சுளுக்கு

நம் பழக்கம், சூடாக எண்ணெய் தேய்த்து உருவி விடுவது. இங்கே சீன வைத்தியரிடமும் உருவிவிடும் மலாய் உருத்துக்காரரிடமும் போகிறவர்கள் உண்டு. யாரிடம் போனாலும் முதல் இரண்டு மூன்று நாள் சூடும் வேண்டாம், உருவலும் வேண்டாம். வீக்கம் கூடத்தான் செய்யும். துணியில் சுற்றிய பனிக்கட்டி 15, 20 நிமிடம், இழுவைப் பட்டை, தலையணைமேல் கால். பிறகு, வலி அனுமதிக்கும் அளவுக்கு நடக்கத் தொடங்குங்கள். வீக்கம் வடிந்ததும் எல்லாரும் மறந்துவிடுவது சமநிலைப் பயிற்சியை. பல் தேய்க்கும்போது ஒற்றைக் காலில் நில்லுங்கள். இதைச் செய்யாத கணுக்கால்தான் மறுபடி மறுபடி மடங்கும்.

நள்ளிரவில் திடீரென்று பெருவிரல் மூட்டு சிவந்து வீங்கி, போர்வை பட்டாலே துடித்தால் அது சுளுக்கல்ல. யூரிக் அமிலத்தால் வரும் கௌட்டாக இருக்கலாம். பாதச் சிகிச்சையாளருக்கு முன் மருத்துவரைப் பாருங்கள்.

நீரிழிவு இருந்தால்

சிங்கப்பூரில் நீரிழிவு இந்தியர்களிடையே அதிகம். 2016இல் சுகாதார அமைச்சு நீரிழிவுக்கு எதிராகப் போர் என்றே அறிவித்தது. கண்ணைப் பற்றியும் சிறுநீரகத்தைப் பற்றியும் நம்மவர்கள் பேசுவார்கள், காலை மறந்துவிடுவார்கள். சர்க்கரை இரண்டு விதமாகக் காலைத் தாக்கும். நரம்பு மரத்துப்போய் முள் குத்தினாலும் தெரியாது. ரத்த ஓட்டம் குறைந்து, வந்த புண் ஆறாது. இரண்டும் சேர்ந்தால் சின்னக் கொப்புளம் விரலை எடுப்பதில் போய் முடியும்.

எனவே ஆண்டுக்கு ஒரு முறையாவது பாதப் பரிசோதனை. பலதுறை மருந்தகத்தில் உங்கள் வழக்கமான நீரிழிவுச் சந்திப்போடு சேர்த்துச் செய்வார்கள். மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கின் பணத்தையும் பயன்படுத்தலாம். வலியில்லாத சோதனை: மெல்லிய நைலான் இழையால் உள்ளங்காலில் ஆங்காங்கே தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு தெரிகிறதா என்று சொல்லச் சொல்வார்கள். இசைக்கவையை எலும்பில் வைத்து அதிர்வு தெரிகிறதா என்று கேட்பார்கள். கால் நாடியைப் பார்ப்பார்கள். தேவைப்பட்டால் கணுக்கால் ரத்த அழுத்தத்தைக் கை அழுத்தத்தோடு ஒப்பிடுவார்கள். அந்த விகிதம் 0.9க்குக் கீழே என்றால் கால் ரத்தக் குழாய் சுருங்கியிருப்பதற்கான அறிகுறி. தெரியாததைத் தெரிகிறது என்று சொல்லிப் பாஸாக வேண்டிய தேர்வு இல்லை இது.

வீட்டில் தினமும் பாதத்தின் அடியைப் பாருங்கள். குனிய முடியாதவர்கள் கைப்பேசியில் படம் எடுத்துப் பார்க்கலாம், பேரப்பிள்ளைகளிடமும் கொடுக்கலாம். காலணி போடும் முன் உள்ளே கைவிட்டுத் தடவிப் பாருங்கள். வெந்நீர் சூட்டைக் காலால் பார்க்காதீர்கள். மெட்டி இறுகியிருந்தால் கழற்றிவிடுங்கள், சென்டிமென்ட் பார்க்க வேண்டாம். பூங்காக்களில் கூழாங்கல் பதித்த நடைபாதை இருக்கும், வயதானவர்கள் அதில் வெறுங்காலோடு நடப்பதைப் பார்த்திருப்பீர்கள். உணர்ச்சி குறைந்த காலுக்கு அது ஆகாது.

கோயில் விஷயம் கொஞ்சம் சங்கடமானது. தைப்பூசத்தன்று சிராங்கூன் சாலை பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடு முருகன் கோயில் வரை மூன்று கிலோமீட்டருக்கு மேல் வெறுங்கால் நடை. கால் மரத்தவர்கள் போவதாக இருந்தால் முன்கூட்டியே சிகிச்சையாளரிடம் சொல்லுங்கள், வெயில் ஏறும் முன் நடந்து முடிக்கப் பாருங்கள், தடித்த காலுறை போட முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள், வீடு திரும்பியதும் வெளிச்சத்தில் கால் முழுதையும் சோதியுங்கள். சவுத் பிரிட்ஜ் சாலை மாரியம்மன் கோயிலில் தீ மிதிப்பதைப் பொறுத்தவரை எனக்கு இரண்டாம் கருத்தே இல்லை. சூடு தெரியாத காலோடு பூக்குழியில் இறங்கக் கூடாது. வேண்டுதலை வேறு விதமாக நிறைவேற்றலாம்.

புண் வந்துவிட்டால் மஞ்சளும் வேண்டாம், பவுடரும் வேண்டாம். சுத்தமான நீரில் கழுவி, மூடிக் கட்டி, அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் காட்டுங்கள்.

சந்திப்பு நாளில்

அடையாள அட்டை, மருத்துவர் கடிதம், சாப்பிடும் மருந்துகளின் பட்டியல், அண்மைய ரத்தப் பரிசோதனை முடிவு. இவற்றைவிட முக்கியமாக, தினமும் போடும் காலணியைக் கொண்டுபோங்கள். நல்லதைப் போட்டுக்கொண்டு பழையதை வீட்டில் விட்டுப் போகிறோம். தேய்ந்த அடிப்பாகத்தைப் பார்த்தே அவர்கள் பாதி விஷயத்தைக் கண்டுபிடிப்பார்கள். முழங்கால் வரை ஏற்றக்கூடிய உடை அணியுங்கள், நடந்து காட்டச் சொல்வார்கள். நகத்தில் சாயமும் மருதாணியும் இல்லாமல் இருந்தால் நிறம் தெரியும். ஆங்கிலம் வராதவர்கள் முன்பதிவின்போதே தமிழ் பேசுபவர் வேண்டும் என்று கேளுங்கள். வலிக்கும் இடத்தை ஒற்றை விரலால் தொட்டுக் காட்டினாலே பாதி வேலை முடிந்துவிடும்.

சம்பளத்தோடு விடுப்பு வேண்டும் என்றால் எம்சியை, அதாவது மருத்துவ விடுப்புச் சான்றிதழை, மருத்துவரிடம் வாங்க வேண்டும். பாதச் சிகிச்சையாளர் தரும் வருகைச் சீட்டை எம்சியாக முதலாளி ஏற்க வேண்டிய கட்டாயம் இல்லை.

அளவெடுத்துச் செய்யும் இன்சோல் வேண்டும் என்று சொன்னால் விலை பல நூறு வெள்ளி. சிலருக்கு அது கட்டாயம் தேவை: பாதம் உருமாறியவர்கள், புண் வந்து ஆறிய நீரிழிவுக்காரர்கள். வெறும் குதிகால் வலி என்றால் கடையில் கிடைக்கும் ஆயத்த இன்சோலை முதலில் போட்டுப் பார்க்கலாமா என்று கேளுங்கள். பெரும்பாலானோருக்கு இரண்டும் கிட்டத்தட்ட ஒரே பலன்தான் தருகிறது. எதுவானாலும் முதல் நாள் ஒரு மணி நேரம், பிறகு கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

காலணி வாங்க மாலையில் போங்கள், கால் அப்போதுதான் முழு அளவில் இருக்கும். நின்றுகொண்டு பார்த்தால் நீண்ட விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் வேண்டும். குதிகாலைப் பிடிக்கும் பின்பகுதி அழுத்தினால் மடங்கக் கூடாது, வளைத்தால் விரல் மடங்கும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும். வேலைக்கான பாதுகாப்புக் காலணியில் எஸ்எஸ் 513 என்ற தரக் குறியீடு இருக்கிறதா பாருங்கள். அளவு பெரிதாகக் கொடுத்துவிட்டார்கள் என்று இரண்டு காலுறை போட்டுச் சமாளிக்காமல், ஸ்டோரில் சொல்லி மாற்றி வாங்குங்கள்.